அக்காவின் தொண்டை வலி

அக்காவால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள். ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதினைந்து நாளும் இரவு பகல் கிடையாது. ரவிக்கைத் துணிகள் அளவுச் சீட்டோடு பொட்டலம் பொட்டலமாகக் குவிந்து கிடக்கும். நடுவில் உட்கார்ந்து நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். நுனி இடமும் வலமுமாக ஆடும். நாலாவது முறையும் தவறியதும் மகளைக் கூப்பிடுவாள். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறவள். மின்சாரம் போன இருட்டிலும் கைத்தடவலிலேயே நூல் கோர்த்துவிடுகிறவள்.

அதற்கு முன்பே அவள் இளைக்கத் தொடங்கியிருந்தாள். நன்றாகத்தான் சாப்பிட்டாள். வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடவே இறங்கியது. ஆனாலும் மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்துவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்து வழிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சர்க்கரை என்றார்கள். சர்க்கரை பார்த்தோம், இல்லை. பிறகு போன மருத்துவர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் காற்றில் படபடப்பதுபோல் நடுங்கியது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் சுரக்கிறது.

கார்பிமசோல் 10 மில்லிகிராம், மூன்று வேளை. படபடப்புக்கு இன்னொரு மாத்திரை. மூன்று வாரத்தில் கை நடுக்கம் அடங்கியது. தீபாவளிக்கு முடிக்க முடியாமல் போன துணிகளைக் கார்த்திகையில் தைத்துக் கொடுத்தாள். கார்பிமசோல் நல்ல மருந்து. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த மாத்திரையைக் குப்பையில் போட யாருக்கும் தோன்றிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எங்கள் அக்காவைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு அதுவே அவளைக் கொன்றிருக்கவும் வேண்டியது.

மருத்துவர் சொன்னது இரண்டே வாக்கியம்: "ஒரு வேளைகூட விடாதீர்கள். ஆறு வாரம் கழித்து வாருங்கள்." மருந்துக் கடையில் பழுப்புக் காகித உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். அட்டையின் பின்புறம் பொடி ஆங்கில எழுத்தில் ஏதோ இருந்தது. நான் ஆங்கிலம் படித்தவள்தான். அதை நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் விலையும் காலாவதித் தேதியும் மருந்தின் அளவும்தான் கிடைத்திருக்கும், நான் தெரிந்திருக்க வேண்டியது அதில் இல்லை. ஆறு வாரம் கழித்துப் போனபோது தைராய்டு அளவை மட்டும் பார்த்தார்கள். இறங்கியிருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

மார்கழி பிறந்தது. எட்டாவது வாரம்.

தொண்டை கரகரக்கிறது என்றாள். மார்கழியில் யாருக்குத்தான் கரகரக்காது? விடியற்காலைப் பனியில் கோலம் போட உட்கார்ந்தால் வரத்தான் செய்யும். தெருவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். கற்பூரவல்லி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தாள். இரவில் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்ட பால். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மறுநாள் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. அத்தான் மருந்துக் கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கி வந்தார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. கடைக்காரர் இவளுக்கு ஏற்கெனவே கார்பிமசோல் கொடுத்துக்கொண்டிருப்பவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நான்காம் நாள் நான் போனபோது கண்ட காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணி ஆனதும் எழுந்தாள். கார்பிமசோல் மாத்திரையை ஒரு கரண்டியில் வைத்து, இன்னொரு கரண்டியால் அழுத்திப் பொடியாக்கினாள். சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட்டுக் குழைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகமெல்லாம் கோணி, அதை விழுங்கினாள். "ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்றாள். சொன்ன சொல் தவறாத நோயாளி. அவளுடைய ரத்தத்தை வற்றடித்துக்கொண்டிருந்த மருந்தை அவள் அவ்வளவு பாடுபட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

வாயைத் திறக்கச் சொல்லி கைப்பேசி விளக்கைக் காட்டிப் பார்த்தேன். உள்நாக்கின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் குழிப்புண்கள். சிவப்பு அதிகம் இல்லை, சீழும் இல்லை. அன்று மாலையே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். எந்த மருத்துவரும் எழுதித் தந்து போகவில்லை. டெங்குவாக இருக்குமோ என்ற பயத்தில் நாங்களாகவே போனோம்.

ஒரு மணி நேரத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "அக்கா, எண்ணிக்கை சரியாக இல்லை. இயந்திரம் தப்பாகக் காட்டுகிறதோ என்று கண்ணாடித் தகட்டில் இழுத்து நானே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டேன். மொத்த வெள்ளையணு 1,100தான் இருக்கிறது. அதிலும் நியூட்ரோஃபில் மூன்று சதவீதம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்?"

எட்டு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. மருந்தின் பெயரைச் சொன்னேன். "அதை இனிமேல் கொடுக்காதீர்கள் அக்கா. இன்றைக்கே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்." தன் வேலை எண்ணிச் சொல்வதோடு முடிந்தது என்று அந்தப் பெண் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எழுதியிருக்கவே மாட்டேனோ என்னவோ.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். நியூட்ரோஃபிலைப் பதினேழு வருஷமாகக் கரும்பலகையில் வரைகிறேன். வட்டம் போட்டு, அதற்குள் மூன்று கதுப்பாகப் பிரிந்த உட்கருவை வரைந்து, சுற்றிலும் புள்ளிகள் வைப்பேன். வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இதுதான் என்பேன். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போகிற படை இதுதான் என்பேன். சிவப்பணுவுக்கு 120 நாள் ஆயுள், ரத்தத் தட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள், ரத்தத்துக்கு வந்துவிட்ட நியூட்ரோஃபிலுக்கு ஒரு நாள்கூட முழுதாக இல்லை என்று சொல்லி மாணவர்களை ஆச்சரியப்படுத்துவேன். அந்த ஆயுள் கணக்கின் பொருள் எனக்கு மதுரைக்குப் போகிற காரில்தான் உறைத்தது. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி நின்றுபோனால் ரத்தசோகை தெரிய வாரக் கணக்காகும். நியூட்ரோஃபில் ஓரிரு நாளிலேயே துடைத்ததுபோல் போய்விடும். திங்கட்கிழமை சரியாக இருந்த எண்ணிக்கை வியாழக்கிழமை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

மொத்தம் 1,100 என்றால் அதில் மூன்று சதவீதம் 33. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று. ஐந்நூறுக்குக் கீழே போனாலே மருத்துவர்கள் அதை அக்ரானுலோசைட்டோசிஸ் என்கிறார்கள். துகள்களுள்ள வெள்ளையணு இல்லாமல் போகும் நிலை. புண்ணில் ஏன் சீழ் இல்லை என்பதும் திருமங்கலம் தாண்டும்போது புரிந்துவிட்டது. சீழ் என்பதே சண்டையில் இறந்துபோன நியூட்ரோஃபில்களின் குவியல்தான். இறப்பதற்கு அங்கே யாருமே இல்லை. பின்னிருக்கையில் அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது. அவளிடம் எதையும் சொல்லவில்லை.

மதுரையில் தனி அறையில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. ரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் காய்ச்சலுக்கு எதிராக மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு என்று அங்கிருந்த இளம் மருத்துவர் விளக்கினார். கூடவே, மஜ்ஜையைத் தூண்டிவிடும் ஃபில்கிராஸ்டிம் ஊசி தினம் ஒன்று. பச்சைக் காய்கறி, வெட்டி வைத்த பழம், பூ, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எதுவும் உள்ளே வரக் கூடாது. கட்டுத்துணி நெய்கிற சத்திரப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரி, முகமூடியோடும் கையுறையோடும் வருகிற செவிலியர்களையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள். பதினொரு மணிக்கு எண்ணிக்கை வரும். 33. மறுநாள் 20. பிறகு 40. நான் அதை ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். ஐந்தாம் நாளும் நூறைத் தாண்டவில்லை. ஏழாம் நாள் இரவு அக்கா இடுப்பு எலும்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்று அழுதாள். நான் பதறிப்போய்ச் செவிலியரை அழைத்தேன். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "வலிக்கட்டும் கண்ணு. மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது" என்றார். அந்த ஊசிக்கு எலும்பு வலி வழக்கமான விளைவு என்றும், மஜ்ஜை நிறைய இருக்கும் இடுப்பெலும்பில்தான் அது கூடுதலாகத் தெரியும் என்றும் சொன்னார். மறுநாள் 260. அதற்கு மறுநாள் 1,450. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்குத் திரும்பினோம்.

திரும்பிய பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். கோபத்தில்தான் தொடங்கினேன், மறைக்கவில்லை.

கார்பிமசோலோ, உடம்புக்குள் அது மாறுகிற வடிவமான மெத்திமசோலோ சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இப்படி ஆகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். எங்கள் பள்ளியில் காலை வணக்கத்துக்கு நிற்கிறவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்கள் எல்லாருக்கும் இந்த மாத்திரையைக் கொடுத்தால் வரிசையிலிருந்து மூன்று பிள்ளைகளோ நான்கு பிள்ளைகளோ விழுவார்கள். மற்றவர்களுக்கு இந்தத் தீங்கு நேராது. இது அரிதுதான். அரிது என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அரிது என்பதால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் சண்டை.

இந்த நோய்க்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. 1922இல் பெர்லினில் வெர்னர் ஷுல்ட்ஸ் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் தனி நோயாக விவரித்தார். அவர் பார்த்த நோயாளிகள் நடுவயதுப் பெண்கள். கடும் தொண்டை வலி, காய்ச்சல், புண், சில நாளில் மரணம். ரத்தத்தில் துகள் வெள்ளையணுக்கள் இல்லை. என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கிருமியைத் தேடினார்கள். 1934இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் மேடிசன், ஸ்குவையர் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகள் முன்பு சாப்பிட்ட மருந்துகளைத் தோண்டிப் பார்த்தார்கள். அமிடோபைரின் என்ற, அன்று வீட்டுக்கு வீடு இருந்த வலி மாத்திரை அகப்பட்டது.

அமிடோபைரின் வலிக்கும் காய்ச்சலுக்குமான மாத்திரை. அதைச் சாப்பிட்டதால் வெள்ளையணு போய்த் தொண்டை வலிக்கும். தொண்டை வலிக்கிறதே என்று அதையே இன்னும் இரண்டு சாப்பிடுவார்கள். அந்தப் பெண்கள் கிண்ணத்தில் தண்ணீரோடு மாத்திரையை எடுப்பதை நினைத்தால், இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் பொடியாகிற அக்காவின் மாத்திரைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பெர்லினுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இத்தனை வருஷம். நோய் அதே வாசல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறது.

அமிடோபைரினின் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் ஊரில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. மெட்டமிசோல் என்றால் தெரியாது, அனால்ஜின் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். "ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும்" என்று என் சிறுவயதில் போட்டுக்கொண்ட ஊசிகளில் எத்தனை அதுவாக இருந்ததோ. இதே ரத்த நோய்க்குப் பயந்து ஸ்வீடன் 1974இல் அதை விலக்கியது, அமெரிக்கா 1977இல் விலக்கியது. இந்தியா 2013இல் நிறுத்திவைத்து, மறு வருஷமே நிபந்தனைகளோடு திரும்ப அனுமதித்தது. ஜெர்மனியில் மருத்துவர் சீட்டோடு இன்றும் ஏராளமாகக் கொடுக்கிறார்கள். ஒரே மருந்து, ஒரே ஆபத்து, ஆளுக்கொரு தீர்ப்பு. யாருடைய தீர்ப்பு சரி என்று வாதிட நான் மருந்தியல் அறிஞர் இல்லை. ஆனால் தடை ஒன்றே வழி என்று நான் நினைக்கவும் இல்லை. ஏன் என்பதை அப்பா கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்தது. 1960களின் தொடக்கம். குளோரோமைசெட்டின் கொடுத்துத்தான் பிழைத்தார் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது குளோராம்ஃபெனிக்கால் என்ற கிருமிக்கொல்லி. வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் 1947இல் கிடைத்தது. 1949இல் விற்பனைக்கு வந்தது. டைபாய்டில் செத்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பி உட்காரவைத்தது. சிறுவயதில் கண்வலி வந்தால் மஞ்சள் நிறத்தில் சின்னக் கூம்பு போன்ற குப்பியின் நுனியைக் கத்தரித்துக் கண்ணில் பிழிவார்களே, அதுவும் இதே மருந்துதான். இருபத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜையையே மொத்தமாக வறண்டுபோகச் செய்துவிடுகிறது. அந்த ஒருவருக்குப் பெரும்பாலும் மீட்சி இருக்காது.

கலிபோர்னியாவில் ஆல்பி வாட்கின்ஸ் என்று ஒரு மருத்துவர். தன் மகனுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, 1952இல் அந்தப் பிள்ளையை இழந்தார். மருந்து நிறுவனத்துக்கு எழுதினார், அரசுக்கு எழுதினார். பிறகு காரை எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். வழியில் ஊர் ஊராக நிறுத்தி, உங்களிடம் இப்படி யாராவது வந்தார்களா என்று அங்கிருந்த மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டே போனார். அவர் செய்தது என்ன? அரிது என்று தனித்தனி வீடுகளில் கிடந்த மரணங்களைப் பொறுக்கி ஒரே தாளில் சேர்த்தார். நாற்பதாயிரத்தில் ஒன்று என்பது ஒரு மருத்துவரின் வாழ்நாளில் அவர் கண்ணிலேயே படாமல் போகக்கூடிய எண். யாராவது சேர்த்து எழுதினால்தான் அது எண்ணாகவே ஆகும். பத்து வயது அப்பாவைக் காப்பாற்றியதும் வாட்கின்ஸின் பிள்ளையை எடுத்துக்கொண்டதும் ஒரே மருந்து. நான் எப்படி அதைச் சபிப்பது?

எச்சரிக்கையை ஒழுங்காகக் கட்டி வைத்தால் ஆபத்தான மருந்தோடும் வாழலாம் என்பதற்கு குளோசபின் இருக்கிறது. வேறு மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்கான மருந்து. 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் வெள்ளையணு குறைந்து இறந்ததால் பல நாடுகளில் கைவிடப்பட்டது. ஆனால் அதற்கு மாற்று இல்லை என்று மருத்துவர்கள் மன்றாடினார்கள். 1989இல் அமெரிக்கா ஒரு நிபந்தனையோடு அனுமதித்தது. வாராவாரம் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். அறிக்கை காட்டாவிட்டால் மாத்திரை கிடையாது. கடுமையான ஏற்பாடுதான், நோயாளிகள் அலைந்திருப்பார்கள். ஆனால் பல்லாயிரம் பேர் அந்த மருந்தோடு குடும்பத்துக்குத் திரும்பினார்கள். அந்தக் கட்டாய ஏற்பாட்டை அமெரிக்கா 2025இல்தான் தளர்த்தியது. எண்ணிக்கை பார்ப்பதைத் தொடரும்படி இன்றும் சொல்கிறது.

கார்பிமசோலுக்கு அவ்வளவு தேவையில்லை. வாராவாரம் பார்த்தாலும் இரண்டு பரிசோதனைக்கு நடுவில் திடீரென்று விழக்கூடியது இது. அதனால் இங்கே காவல், நோயாளியின் காதில்தான் இருக்க முடியும். தொண்டை வலியோ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த எண்ணிக்கை பாருங்கள் என்ற ஒற்றை வாக்கியம். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இதை நோயாளியிடம் சொல்ல வேண்டும், கூடுமானவரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டும்! அந்த வரியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழுப்பு உறையின் மேல் மூன்று கோடு போட்ட அதே பேனா. இன்னும் ஒரு வரி எழுத அதில் மை இருந்திருக்கும்.

எங்கள் மருத்துவர்மேல் பழி போடத்தான் முதலில் ஆசைப்பட்டேன். ஒருநாள் அறிக்கைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் படித்தார். "பதினான்கு வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை அம்மா" என்றார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு மூன்று நிமிஷம். சொல்ல வேண்டிய நல்ல செய்திகளுக்கே நேரமில்லாத மூன்று நிமிஷம். இப்போது அவருடைய மேசையில் கார்பிமசோல் எழுதுகிறவர்களுக்கென்று தமிழில் அச்சடித்த சிறு சீட்டு இருக்கிறது. அதை அவரேதான் அச்சடித்தார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இது ஒரு மருத்துவரின் நல்ல மனசைப் பொறுத்த காரியமாக இருக்கக் கூடாது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளே தமிழில் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து மாத்திரை அட்டையாகக் கிழித்துக் கொடுக்கப்படும் நாட்டில் அந்தத் தாளும் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை என்பது தனி வேதனை.

வாட்கின்ஸ் காரில் போய்ச் செய்ததை நாம் ஒரு படிவத்தில் செய்யலாம். இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டம் 2010இல் தொடங்கியது. அதன் மையம் காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம். மருந்தால் தீங்கு நேர்ந்தால் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. அக்காவுக்காக நான் நிரப்பினேன். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, தீங்கு தெரிந்த தேதி, என்ன ஆனது. கடைசிக் கட்டத்தில் "குணமடைந்தார்" என்று குறியிட்டபோது கை நடுங்கியது.

அக்காவுக்கு இனி கார்பிமசோல் ஆயுளுக்கும் கூடாது. அதற்கு மாற்றாகக் கொடுக்கும் புரோபைல்தயோயுராசிலும் இதே ஆபத்தைத் தரக்கூடும் என்பதால் அதுவும் கூடாது. கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். சில நாள் தனி அறை, மகள் பக்கத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான். சுரப்பி அடங்கிப் போனதால் இப்போது தினம் காலை வெறும் வயிற்றில் தைராக்சின் சாப்பிடுகிறாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைச் சொன்ன இடத்திலெல்லாம் யாராவது பயந்துபோகிறார்கள். நம் ஊரில் "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று சொல்கிறவர்களில் மிகப் பலருக்கு இருப்பது குறைவாகச் சுரக்கும் நோய். அவர்கள் சாப்பிடுவது தைராக்சின். உடம்பு சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து கொடுக்கும் மாத்திரை. அதற்கு இந்த ஆபத்து இல்லை. நான் பேசுவது அதிகமாகச் சுரப்பதை அடக்கும் கார்பிமசோல், மெத்திமசோல் பற்றி. இரண்டையும் "தைராய்டு மாத்திரை" என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். பெயரை அட்டையில் பாருங்கள், வாயில் வருவதை நம்பாதீர்கள். அட்டையில் இருப்பது கார்பிமசோல் என்றாலும், தொண்டையும் உடம்பும் நன்றாக இருக்கும்போது பயந்து நிறுத்திவிடாதீர்கள். அடக்காமல் விட்ட தைராய்டு இதயத்தைக் கெடுக்கும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட வேண்டியது என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, எல்லா ரத்த அணுக்களும் விழுந்து, சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால் எந்தக் கிழமை என்பதை நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

அக்கா இப்போது தன் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். அளவு எடுக்கும்போது பெண்கள் பேசுவார்கள். போன தடவையைவிடக் கை சுற்றளவு குறைந்திருக்கிறதே என்பாள். தைராய்டு அக்கா என்பார்கள். உடனே, அடுத்த தடவை வரும்போது மாத்திரை அட்டையைக் கொண்டுவாருங்கள் என்பாள். கொண்டுவந்தவற்றில் அநேகமாக எல்லாம் தைராக்சின்தான். இரண்டு பேரிடம் மட்டும் கார்பிமசோல் இருந்தது. அளவுச் சீட்டின் பின்புறத்தில் அந்த வாக்கியத்தை எழுதி, அடியில் கோடிட்டு, குண்டூசியால் துணிப் பையில் குத்திக் கொடுத்தாள்.

அந்த இருவரில் ஒருவர் கார்த்திகை மாதம் ஓர் இரவு ஒன்பதரைக்கு அழைத்தார். இரண்டு நாளாகத் தொண்டை வலி, லேசாகக் காய்ச்சல். சீட்டைப் பார்த்து அன்றைய ராத்திரி மாத்திரையைப் போடாமல் வைத்துவிட்டதாகச் சொன்னார். அக்கா விடியும்வரை காத்திருக்கவிடவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குப் போகச் சொன்னாள். அவளும் தூங்கவில்லை. என்னையும் அழைத்து எழுப்பிவிட்டாள். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பதினொன்றே காலுக்கு அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மொத்த வெள்ளையணு 7,200. நியூட்ரோஃபில் 64 சதவீதம். சாதாரணத் தொண்டை வலிதான். 250 ரூபாய் ஆயிற்றாம். அறிக்கையை எடுத்துக்கொண்டு காலையில் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா. அப்புறம், சூடாகக் கொஞ்சம் மிளகுப் பால் குடித்துவிட்டுப் படுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாளாம்.